ஆறு எலும்பு மட்டும் தெரிந்த படம்

எக்ஸ்ரே ரூம்ல இப்ப வேலை பாக்கற உங்கள்ல ஒருத்தர் போன வாரம் எனக்கு போன் பண்ணினார். "சார், ரெண்டு மணிக்கு ஒருத்தர் போவட்டும், ரெண்டு மணிக்கு ஒருத்தர் வரட்டும். நடுவுல கால் மணி நேரம் ரெண்டு பேரும் ஒரே ரூம்ல எதுக்கு? டியூட்டி சார்ட்ல ஓவர்லாப் ஆவுது, எடுத்துடலாம்னு பேசிக்கிறாங்க. நீங்கதான் அதை ஆரம்பிச்சு வச்சீங்களாமே?" அப்படின்னார். எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துட்டு. "போனை வைங்க, எழுதி அனுப்புறேன்"னுட்டேன். ரிட்டையர் ஆனவனுக்கு வேற என்ன வேலை? இதோ உக்காந்துட்டேன்.

மொதல்ல ஒண்ணு. அதை ஆரம்பிச்சது நான் இல்ல. நான்தான்னு அந்தப் பெருமைய எடுத்துக்கிட்டா என் நாக்கு அழுகிப்போயிடும். ஆரம்பிச்சது ஒரு அம்மா. என்னைவிட பதினாலு வருஷம் சர்வீஸ் கம்மி. எழுதப்போறேன்னு சொன்னதுக்கு, "என் பேரைப் போட்டீங்க, வீட்டுக்கே வந்து சண்டை போடுவேன் அண்ணே"ன்னாங்க. வரக்கூடிய ஆளுதான். எங்க வீடு தருமபுரத்துல, அவங்க வீட்டிலேருந்து அஞ்சு நிமிஷம். அதனால பேரு வேண்டாம். ஆஸ்பத்திரி பேரும் வேண்டாம், காரைக்கால்ல ஒண்ணுன்னு வச்சுக்குங்க.

ஓவர்லாப்புன்னா என்னமோ வேண்டாத சமாச்சாரம்னு நெனைக்கிறீங்க. உங்க மேல தப்பில்ல. நம்ம தொழில்ல அதுதான் எதிரி. மனுசன் உடம்பு கனமானது, நம்ம பிளேட்டு தட்டையானது. முன்னால இருக்கறதும் பின்னால இருக்கறதும் நெழலா வந்து ஒரே எடத்துல விழுந்துடும். இதயத்து மேல விலா, விலா மேல தோள்பட்டை. இதை விலக்கி அதைக் காட்டறதுக்குத்தான் நமக்கு சம்பளம். எங்கப்பா வெவசாயி. குறுவை அறுப்பும் சம்பா நடவும் ஒரே வாரத்துல வந்து நின்னா அவருக்கும் அது ஆள் கெடைக்காத தலைவலி. பக்கத்து ரூம் லேப்ல கேட்டுப் பாருங்க. ரத்தப் பரிசோதனையில நல்லா இருக்கவங்களோட எண்ணும் நோயாளியோட எண்ணும் கொஞ்ச தூரம் ஒண்ணாவே கலந்து கெடக்கும், அந்த எடத்துல எண்ணை மட்டும் வச்சு எதையும் சொல்லிட முடியாதும்பாங்க. டாக்டரைக் கேட்டா, டெங்குவும் எலிக்காய்ச்சலும் மொத ரெண்டு நாளு ஒரே மாதிரிதான்யா இருக்கும்னு தலையில கை வைப்பார். ஆனா கருக்களாச்சேரியில ஃபைபர் போட்டுக்கு மேட்டு, அதான் கண்ணாடி இழைப் பாய், ஒட்டுறவர் கிட்ட போய்க் கேளுங்க. ஒரு மேட்டு மேல இன்னொரு மேட்டு நாலு விரல் ஏறி ஒட்டணும், ஏறலேன்னா அந்த எடத்துலதான் கடல் உள்ள வரும்பார். அவருக்கு ஓவர்லாப்தான் உசுரு. ஆக, அது நல்லதா கெட்டதான்னு என்னைக் கேக்காதீங்க. எது மேல எது ஏறியிருக்குன்னு பாருங்க.

நான் இதையெல்லாம் தெரிஞ்சவன்னு ஒரு காலத்துல ரொம்ப மெதப்புல இருந்தேன். அதுக்குக் காரணம் ஒரு பின்னல். கல்யாணம் நிச்சயமான ஒரு டீச்சர் பொண்ணு, இருமல்னு நெஞ்சுப்படம் எடுத்திருக்காங்க. வேற எடத்துல எடுத்த படம். வலது பக்கம் நுரையீரல் உச்சியில வெள்ளையா ஒரு திட்டு. டி.பி.யா இருக்குமோன்னு யாரோ சொல்லிட்டாங்க. அவ்வளவுதான், அம்மாக்காரி எங்க வராண்டாவுல உக்காந்து அழுவுது, மாப்பிள்ளை வீட்டுக்கு சேதி போயிட்டு. நான் படத்தைப் பாத்தேன், பொண்ணைப் பாத்தேன். தலைக்கு எண்ணெய் வச்சு, இறுக்கிப் பின்னி, அந்தத் தடிப் பின்னலை வலது தோள் வழியா முன்னால போட்டிருந்துது. "பின்னலைத் தூக்கி உச்சியில கொண்டை போட்டுக்கிட்டு வாம்மா"ன்னேன். திரும்ப எடுத்தேன். திட்டைக் காணோம். பொண்ணோட அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு கண்ணுல ஒத்திக்கிச்சு. அன்னையிலேருந்து எனக்கு நடையே மாறிட்டு. இல்லாத நோயை இல்லேன்னு காட்டினவன் நான், என் கண்ணுக்குத் தப்புமான்னு நெனப்பு.

அப்பதான் நான் சொன்ன அந்தம்மா வேலைக்கு வந்து சேந்தாங்க. டவுன்ல கிறிஸ்தவக் குடும்பம், அப்பா டெய்லர். எனக்குக் காலை டியூட்டி, அவங்களுக்கு ரெண்டு மணி டியூட்டி. ஒண்ணே முக்காலுக்கே வந்து நிப்பாங்க. வந்து, பையை ஆணியில மாட்டிட்டு, "கடைசியா எடுத்த படத்தைக் காட்டிட்டுப் போங்க அண்ணே"ம்பாங்க. யாரும் சொல்லல, எந்த ரூலும் இல்ல. எங்களுக்கு எரிச்சல்னா எரிச்சல். "வந்துட்டாங்கய்யா பறக்கும் படை"ன்னு நான் அவங்க காதுல விழற மாதிரியே சொல்லுவேன். அவங்களும் சிரிப்பாங்க. "ஆமாண்ணே, பறக்கும் படைதான். படத்தைக் காட்டுங்க"ம்பாங்க. காட்டுற வரைக்கும் நகரமாட்டாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மீன்பிடித் தடைக்காலம் முடியிற அன்னைக்கு. ரெண்டு மாசமா கரையில கெடந்த விசைப்படகுங்க எல்லாம் மறுநாள் கடலுக்குப் போவணும். கிளிஞ்சல்மேட்டு ஆளு ஒருத்தர், படகு டிரைவர், நாப்பது வயசு இருக்கும். படகுல ஐஸ் ஏத்திக்கிட்டிருந்தப்ப கால் வழுக்கி கீழ் அறைக்குள்ள தலைகுப்புற விழுந்துட்டார். கழுத்து வலின்னு அவர் சம்சாரம் ஆட்டோவுல வச்சு கூட்டிக்கிட்டு வந்துட்டு. கேஷுவாலிட்டியில கழுத்துப் பட்டை போட்டு எங்கிட்ட அனுப்பினாங்க. கை காலெல்லாம் நல்லாத்தான் ஆடுது. மனுசன் பேச்சும் கணீர்னுதான் இருக்கு.

"சார், சட்டுபுட்டுன்னு எடுத்து விடுங்க. ரெண்டு மாசமா சும்மா கெடந்தாச்சு. விடிஞ்சா போட்டை எடுக்கணும், நான் இல்லேன்னா ஏழு பேரு கரையில நிப்பாங்க"ன்னார்.

"பேசாதீங்க, ஆடாதீங்க"ன்னு பக்கவாட்டுல ஒண்ணு எடுத்தேன். வலை இழுத்து இழுத்து ஏறிப்போன தோள். ரெண்டும் காது பக்கத்துல வந்து நிக்கிது. கம்ப்யூட்டர்ல படம் வந்துது. மேல எலும்பெல்லாம் வரிசையா, அழகா இருக்கு. கீழ தோள் நெழல் விழுந்து வெள்ளையா மூடியிருக்கு. வெளியில பதினஞ்சு பேரு காத்துக்கிட்டிருக்காங்க. எனக்குப் பசி வேற. அந்த நேரம் பாத்து கேஷுவாலிட்டி டாக்டர் போன் பண்றார். அவரு சின்ன வயசு, நல்லவர். பைக் மோதி ரெண்டு பேரு ரத்தக்களறியா வந்திருக்காங்க, அவரு ஒத்த ஆளா நிக்கிறார்.

"அண்ணே, அந்தக் கழுத்து எப்படி? கிளியரா?"

"கிளியர் சார்."

அந்த ரெண்டு வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. படம் எடுக்கறது என் வேலை, படத்துல என்ன இருக்குன்னு சொல்றது டாக்டர் வேலை. சரி, சொல்றவனாவது ஒழுங்காப் பாத்துட்டுச் சொல்லணுமா இல்லையா? தெரிஞ்ச எலும்பையெல்லாம் பாத்தேன், அதெல்லாம் நல்லா இருந்துது. தெரியாததைப் பத்தி எனக்கு யோசனையே வரலை. என் மெதப்பு அப்படி.

ஒண்ணே முக்கால். பறக்கும் படை வந்துட்டு. பையை மாட்டிட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால குனிஞ்சு, விரலை வச்சு மேலேருந்து எண்ண ஆரம்பிச்சாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது. பதினஞ்சு வருஷமா கழுத்து எடுக்கிறேன், எனக்கு எண்ணிக் காட்டுறாங்க பாருன்னு.

"ஏழுல ஆறுதான் இருக்கு அண்ணே. ஏழாவது எங்க?"

"தோளுக்குள்ள இருக்கும். வேற எங்க போயிடும்? தஞ்சாவூருக்கா போயிடும்?"

"இருக்குன்னு எனக்கும் தெரியும். எப்படி இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நான் அந்த வெள்ளை நெழலையே திரும்பப் பாத்தேன்.

"அவரு எங்கண்ணே இப்ப?"

"கிளியர்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். பட்டையக் கழட்டிட்டு, மாத்திரைய வாங்கிக்கிட்டுக் கெளம்பியிருப்பாரு."

அவங்க எனக்கு பதில் சொல்லல. ஓடுனாங்க. நானும் பின்னாலேயே ஓடினேன். கேஷுவாலிட்டிய எட்டிப் பாத்தா ஆளு இல்ல. வாசலுக்கு வந்தா, வளாகத்துல முப்பது அடி தள்ளி, துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு அவரு மெயின் கேட்டை நோக்கி நடந்து போறார். கழுத்துல ஒண்ணும் இல்ல. சம்சாரம் முன்னால போய் ஆட்டோவைப் புடிச்சு நிறுத்தியிருக்கு. எனக்கு உசுரே போயிட்டு. "ஏங்க!"ன்னு கத்தறதுக்கு வாயைத் தொறந்துட்டேன். அவங்க என் மணிக்கட்டை இறுக்கிப் புடிச்சாங்க.

"கூப்பிடாதீங்க. திரும்புவாரு."

இதை எத்தனையோ நாளு நெனச்சுப் பாத்திருக்கேன். பின்னாலேருந்து கூப்பிட்டா எந்த மனுசனும் திரும்புவான். கழுத்தை வெடுக்குன்னு திருப்புவான். நான் அவரைக் காப்பாத்தறேன்னு நெனச்சுக் கத்தியிருந்தா அதுவே அவரை முடிச்சிருக்கலாம். ஓடுற ஓட்டத்துல, அந்தப் பதட்டத்துல, அவங்களுக்கு அது தோணியிருக்கு பாருங்க. படிச்சு வர்ற சாமர்த்தியம் இல்ல இது. எதிர்ல இருக்கற ஆளோட உடம்பை மனசுக்குள்ள வச்சுக்கிட்டே இருக்கறவங்களுக்குத்தான் இது வரும். எனக்கு வரல, ஒத்துக்கிறேன்.

அதோட விடல அவங்க. செருப்பை அங்கேயே கழட்டிப் போட்டாங்க. ஓடுற சத்தம் கேட்டாலும் திரும்புவார்ல? வெறுங்காலோட சைக்கிள் ஸ்டாண்டு பக்கமா சுத்தி ஓடி, அவருக்கு எதிர்ல போய் நின்னாங்க. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது, ஆனா முகத்துல ஒரு சிரிப்பு. சொந்தக்காரரைக் கடைத்தெருவுல பாத்தா எப்படிச் சிரிப்பாங்க, அந்தச் சிரிப்பு.

"அண்ணே, அப்படியே நில்லுங்க. என் மூஞ்சியை மட்டும் பாருங்க. பதில் சொல்ல வேண்டாம், தலையாட்ட வேண்டாம். இன்னொரு படம் எடுக்கணும், அவ்வளவுதான்."

அதுக்குள்ள சம்சாரம் ஆட்டோவிலேருந்து எறங்கி சத்தம் போட்டுக்கிட்டு வருது. "என்னங்க இது, டாக்டரே போவலாம்னுட்டாரு, நீங்க யாரு வழியில நின்னுக்கிட்டு? ஆட்டோ நிக்கிதுல்ல?"

"அக்கா, திட்டறதை என் பக்கத்துல வந்து நின்னு திட்டுங்க. நீங்க அந்தப் பக்கம் நின்னா அண்ணன் உங்களைப் பாக்கத் திரும்புவாரு."

அந்தப் பொம்பளைக்கு என்ன புரிஞ்சுதோ, சட்டுன்னு வாயை மூடிக்கிட்டு பக்கத்துல வந்து நின்னுட்டு. நான் மெதுவாப் பின்னால போய், "நான்தாங்க, எக்ஸ்ரே ரூம்லேருந்து. தலையைப் புடிச்சுக்கிறேன், ஆடாதீங்க"ன்னு சொல்லி ரெண்டு கையாலயும் அவர் தலையைப் புடிச்சுக்கிட்டேன். யாரோ ஓடிப்போய் டாக்டருக்குச் சொல்ல, பட்டை வந்துது, டிராலி வந்துது. நின்ன எடத்துலயே பட்டையைப் போட்டு, மரக்கட்டையைப் படுக்க வைக்கிற மாதிரி நாலு பேருமா அவரைப் படுக்க வச்சோம்.

எங்க ஆஸ்பத்திரியில அப்ப சி.டி. கெடையாது. டாக்டர் தலைமாட்டுல நின்னு புடிச்சுக்க, ஒரு கையை மெதுவாத் தலைக்கு மேல கொண்டு போயி, இன்னொன்னைக் கீழேயே விட்டு, ரெண்டு தோள் நெழலும் ஒண்ணு மேல ஒண்ணு விழாம பிரிச்சோம். அவங்க சொல்லச் சொல்ல நான் எடுத்தேன். ஆமா, ஒரு வருஷம் முடியாதவங்க சொல்ல, பதினஞ்சு வருஷக்காரன் எடுத்தேன். படம் வந்துது. அவங்க விரலை வச்சாங்க. ஏழாவது எலும்பு தெரிஞ்சுது. தனக்குக் கீழ உள்ள எலும்பு மேல நேரா உக்காராம, முன்னால நழுவி நின்னுது.

டாக்டர் நெத்தியத் தொடச்சுக்கிட்டார். "ஆட்டோவுல போயிருந்தா, ஒரு பள்ளம் போதுமே"ன்னார். கழுத்துக்குக் கீழ எதுவும் அசையாமப் போயிருக்கும், இல்ல ஆளே போயிருப்பார்.

அப்புறம் டாக்டர் எங்க ரெண்டு பேரையும் பாத்தார். போன்ல பேசினது என் குரல்னு அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்டார். "இந்த மொத படத்தை யாரு பாத்தது?"

மணி ரெண்டு தாண்டியாச்சு. என் டியூட்டி முடிஞ்சுது, அவங்களோடது ஆரம்பிச்சாச்சு. அந்தம்மா கொஞ்சமும் யோசிக்கல. "நாங்க ரெண்டு பேரும் ரூம்ல இருந்தோம் சார்"ன்னாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. "இல்ல சார், நான்தான். கிளியர்னு சொன்னதும் நான்தான்"னேன். அந்த டாக்டரும் லேசுப்பட்டவர் இல்ல. "கேட்டுட்டுப் படத்தைத் தொறந்து பாக்காம அனுப்பினது நான்"னார். மூணு பேரும் தப்பை ஆளாளுக்குத் தன் பக்கம் இழுத்தோம். தப்புன்னு வந்தா கைய விரிக்கிற எடத்தைத்தான் நான் அதிகம் பாத்திருக்கேன்.

அவரை அசையாமக் கட்டி, கூட நர்ஸையும் அனுப்பி, ஆம்புலன்ஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். சம்சாரம் வண்டியில ஏறறப்ப அந்தம்மா கையைப் புடிச்சுது. நான் வீட்டுக்குப் போவாம ரூம்லயே உக்காந்திருந்தேன். அவங்க அடுத்த படம் எடுத்துட்டு வந்து எதிர்ல உக்காந்தாங்க.

"என்னை நாலு வார்த்தை திட்டியாவது விடுங்கம்மா"ன்னேன்.

"எதுக்குண்ணே? நான் எண்ணிப் பாக்கறது உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல. உங்களுது காலையிலேருந்து படம் பாத்துப் பாத்து அலுத்த கண்ணு. என்னுது இப்பதான் வந்த கண்ணு. என் டியூட்டி முடியறப்ப என்னுதும் அலுத்துடும். அப்ப அடுத்து வர்றவங்க எண்ணட்டும். சாப்பிடப் போங்க."

அதுதாங்க அந்தக் கால் மணி நேரம். மறுநாள்லேருந்து அவங்களை ரெண்டு மணிக்கே வரச் சொல்லிட்டு, நானே ரெண்டேகால் வரைக்கும் இருந்தேன். அப்புறம் ஒவ்வொருத்தரா எல்லாரும் இருந்தாங்க, டியூட்டி சார்ட்டுலயும் ஏறிட்டு. நெழல் நெழல் மேல விழுந்தா மறைக்கும். ஆளோட நேரம் ஆளோட நேரத்து மேல விழுந்தா, மறைஞ்சது வெளிய வரும். ஒருத்தர் வாசல்ல எறங்கற நேரமும் இன்னொருத்தர் ஏறற நேரமும் ஒண்ணா இருந்தா சார்ட்டு பாக்க அழகாத்தான் இருக்கும். அந்த அழகான கோட்டுல அந்த டிரைவரை நிறுத்திப் பாருங்க. நான் பையைத் தூக்கிக்கிட்டு வெளிய, அவங்க அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுக்கிட்டு உள்ள, அவரு ஆட்டோவுல. இதைத்தான் வீணுங்கறாங்களா? யாரு சொல்றாங்களோ அவங்களை எங்கிட்ட அனுப்புங்க.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, அதையும் சொல்லிடறேன். டாக்டர்கிட்ட ஒத்துக்கிட்டேனே தவிர, அந்த டிரைவர்கிட்ட நான் சொல்லல. ஆபரேஷன் ஆயி, பிளேட்டு வச்சு, பல மாசம் கழிச்சு செக்கப் படத்துக்கு எங்ககிட்டயே வந்தார். நடந்து வந்தார். கழுத்துல தையல் தழும்பு. அன்னைக்கு அந்தம்மா லீவு. நான்தான் எடுத்தேன். வேலைக்குப் போவாததுல தோள் எறங்கியிருந்துது, ஏழும் தெரிஞ்சுது. நான் என்னை அறியாம வாய்விட்டு எண்ணினேன்.

"என்ன சார் எண்ணுறீங்க?"

"அன்னைக்கு எண்ணலீங்க. நீங்க போவலாம்னு டாக்டர் சொன்னது, நான் சொன்னதை வச்சுத்தான். தப்பு என்னுது"ன்னேன்.

அவரு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டே இருந்தார். "தெரியும் சார்."

"அந்தம்மா சொன்னாங்களா?"

"ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்பவே கேட்டேன். ரெண்டு பேரும்தான் பாத்தோம்னு சொல்லிட்டாங்க. அவங்க சொல்லணுமா என்ன? அன்னைக்கு எனக்கு முன்னால நின்ன பொண்ணு சிரிச்சுக்கிட்டு நின்னுது. பின்னாலேருந்து என் தலையைப் புடிச்ச கை வெடவெடன்னு நடுங்கிச்சு. தப்பு யாருதுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிட்டு." கடைசிப் பொத்தானையும் போட்டுட்டு என் கையைப் பாத்தார். "அவ்வளவு நடுங்கியும் நீங்க விடலியே சார்."